விளாம்பிசின் மீசை

ராசாவாக ஆட இருந்த பிரணவன்
கட்டாருக்கு லொறி ஓட்டப் போனான்,
கூத்துக்குப் பதினேழு நாள் இருக்க.
வாழ்த்துச் சொல்லிக் கேக் வெட்டினோம்.
பிறகு முத்தையன்கட்டு வாசிகசாலையில்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம்.
பதினொரு பாத்திரம். மூன்று ஆம்பிளை.
அதில் ஒருத்தர் மத்தளம்.

"நான் ஆடுறன்" எண்டு சொன்னது
நான்தான் என்று விளங்க
எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாம் மொக்போவால் வந்தது.
அந்தத் துறைமுகத்தில் என் மனுசன்
நாலு வருசமும் பத்து மாதமும்
சிப்பி உடைத்தவர்.
ஞாயிறு இரவில் போன் எடுத்தால்
விரல் வெட்டைக் காட்டுவார், மழையைக் காட்டுவார்.
ஒரு ஞாயிறு ஒரு பாட்டைக் காட்டினார்.

பாயில் ஒரு பெண். கையில் விசிறி.
பக்கத்தில் ஒருவன், ஒரேயொரு மேளம்.
அவளே கிழவன், அவளே படகோட்டி.
விசிறியைச் சுருக்கினால் துடுப்பு, விரித்தால் கடிதம்.
பச்சைப் பனையோலையை நெடுக்காகக்
கிழிப்பது மாதிரிக் குரல்.
"வருத்தமோ அவவுக்கு?"
"இல்லை, உந்தக் குரலுக்குத்தான் ரிக்கெட்."

மிச்சத்தை வந்த கிழமைகளில் சொன்னார்,
சிப்பி மேசையில் எதிரே நிற்கிற ஒக்-சுன்
சொல்லச் சொல்ல, அரைவாசி மொழியில்.
ஒரு வாய்க்குள் இருந்த சனமெல்லாம்
நூறு வருசத்துக்கு முந்தி வெளியே இறங்கிவிட்டதாம்.
பட்டினத்தில் கூரை போட்ட கொட்டகை வந்ததாம்.
கிழவனுக்கு ஒரு ஆள், படகோட்டிக்கு ஒரு ஆள்,
படகுக்குக்கூட ஒரு படகு.
பாயில் இருந்தவள் எழும்பித்
தன் பங்கை மட்டும் பாடப் பழகினாளாம்.
அது லாபமோ நட்டமோ
ஒக்-சுன்னுக்கும் தெரியாது.

பிறகு சண்டை.
அதை அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.
அந்தச் சொல் எங்கள் வீட்டில்
தனியாகவே நிற்கும்.
அது ஓய்ந்த ஊர்களில் பெண்களே செற் கட்டி,
ராசாவும் தாங்களே தளபதியும் தாங்களே,
மீசை ஒட்டி ஊரூராய் ஆடினார்களாம்.
ஒக்-சுன்னின் தாய் ஓர் இளவரசன்.
பார்க்க வந்த பெண்கள் மோதிரம் கழற்றி
அவள் மேல் எறிந்தார்களாம்.

மோதிரக் கதைதான் எனக்குள் கிடந்தது.

மீசைக்கு என் சீப்பில் உதிர்ந்த மயிர்.
விளாம்பிசினை வெந்நீரில் கரைத்து ஒட்டினேன்.
கடித்தது. வாய் திறந்தால்
மேலுதட்டைப் பிடித்து இழுத்தது.
ராசாமார் ஏன் சிரிப்பதில்லை என்று விளங்கியது.
மந்திரி, தபால் கந்தோர் வினோதரசி.
எதிரி, கோழிப்பண்ணை மரியதாஸ்.
ஒரு காலால் அவன் ஆடுகிற துள்ளலை
இரண்டு காலால் என்னால் ஆட முடியவில்லை.

வட்டக்களரி. குழல்விளக்கில் ஈசல்.
குளத்துப் பக்கமிருந்து காற்று.
வரவு பாடி, மூன்று சுற்று ஆடி, நின்று கேட்டேன்:
"மந்திரி, என் நாட்டில்
குடிசனமெல்லாம் குறைவில்லாமல் இருக்கிறதோ?"

பழகும்போது நூறு தரம் கேட்ட கேள்வி.
வினோதரசிக்கு நூறு தரமும் பதில் தெரியும்.
இப்போது சனத்தைப் பார்த்தாள்.
காலிக் கதிரைகளைப் பார்த்தாள்.
மத்தளம் ஒரு தட்டுத் தட்டிக் காத்திருந்தது.
மீசைக்குக் கீழே அவள் வாய்
திறந்தபடி.

மோட்டார் சைக்கிள்கள் நின்ற இருட்டிலிருந்து
"ஓல்சிகு!"
என்றொரு சத்தம்.

சனம் திரும்பியது. வெறியோ என்றது ஒரு குரல்.
பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடத்தை
அங்கே கேட்கிறவர்கள் நிரப்புவார்களாம்,
மேளகாரன் முதலில், பிறகு எல்லாரும்.
பொருள் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.
"பொருள் இல்லை. விடாதை எண்ட மாதிரி."

கிருபைராசாவின் மத்தளம்
அதைச் சொற்கட்டாகவே எடுத்துத் திருப்பி அடித்தது.
வினோதரசி பதிலைப் பாடவில்லை.
என் கேள்வியையே வாங்கிப் பாடினாள்.
பிற்பாட்டுக்காரரும் அதையே,
முன்வரிசைப் பொம்பிளையளும் அதையே.
கொப்பியில் இல்லாத இடம்.
எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.
மரியதாஸ் தன் முறை வரமுன்னமே வந்து ஆடினான்.

ஒருத்தரும் மோதிரம் எறியவில்லை,
ஊர் நகை முக்கால்வாசி வங்கியில்.
ஒரு மிக்சர் பைக்கற் பறந்து வந்து
நெஞ்சில் பட்டது.
குனிந்து எடுத்து
உடைவாளுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன்.